காட்டுக்குப் போற பேராண்டிக்கு

பேராண்டி, வேலைய விட்டுப்புட்டு நம்ம கரட்டோரப் புஞ்சையில மண்ணு வீடு கட்டிக்கிட்டு, கரண்ட்டு வேண்டாம், போன் வேண்டாம், ஆதிமனுசனா வாழப் போறேன்னு ஆயாகிட்டச் சொன்னியாமே. ரொம்பச் சந்தோசம். பெங்களூர்லருந்து கார்ல வந்து, பாளையம் டோல்கேட்டுல பாஸ்டேக் காட்டிப்புட்டு, தொப்பூர்ல எறங்கி ஆதிமனுசனாகப் போற மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான். ஆயா உன்னைய ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "தண்ணி யாரு தூக்குவா?" நீ சிரிச்சுப்புட்டுப் போயிட்டியாம். அது சிரிச்சுத் தள்ளற கேள்வி இல்ல கண்ணு. உன் புஸ்தகக்காரனுங்க அத்தன பேரையும் வரிசையா நிக்கவெச்சுக் கேக்க வேண்டிய கேள்வி.

லீவுக்கு வர்றப்பெல்லாம் திண்ணையில ஒக்காந்து எனக்குக் கதை கதையாச் சொன்னதும் நீதான். நான் எட்டாங்கிளாஸோட நின்னவன். ஆனா நாப்பது ஆட்டயும் அதுக்குப் பொறந்த குட்டியயும் நோட்டுல எழுதாமக் கணக்கு வெச்சவன். நீ சொன்ன வருஷம், பேரு ஒண்ணும் மறக்கல. அதனால இன்னிக்கு நான் பேசறேன், நீ காதக் குடு.

நமக்குத் தெரிஞ்ச வனவாசமெல்லாம் தண்டனைடா. ராமரு 14 வருஷம் போனாரு, கைகேயி போட்ட கட்டளை. பாண்டவங்க 12 வருஷம் போனாங்க, சூதாட்டத்துல தோத்த கடன். சித்தருங்க ஆசைப்பட்டுத்தான் போனாங்கன்னு குறுக்க பேசுவே. போனாங்க, நெசந்தான். அவங்க யாரும் போறதுக்கு முந்தி தாத்தாகிட்டப் புஞ்சை கேக்கல.

உன்னைய இந்தப் பாடு படுத்தினது பில்லி பிஸ்வாஸ்தான்னு எனக்குத் தெரியும். அருண் ஜோஷின்னு ஒருத்தரு இங்கிலீசுல 1971-ல போட்ட நாவலு. பில்லி பெரிய எடத்துப் புள்ள. அப்பாரு நீதிபதி. அமெரிக்காவுல மானிடவியல் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்து, டில்லியில வாத்தியாரு வேலை. பொண்டாட்டி, ஒரு பையன். படிக்கற பசங்களக் கூட்டிக்கிட்டு சத்புரா மலைப்பக்கம் ஆராய்ச்சிக்குப் போனவன், ஒரு நாள் காட்டுக்குள்ள நடந்தான், நடந்தவன் திரும்பல. செத்தான்னு எழுதிட்டாங்க. பத்து வருஷம் போல ஆச்சு. அவனோட பழைய சிநேகிதன் ரோமி அந்தப் பக்கமே கலெக்டரா வர்றான். முகாம் போன எடத்துல, இடுப்புத் துணியோட ஒருத்தன் வந்து நிக்கறான். யாரு? பில்லி.

இந்த எடத்துல உனக்குக் கண்ணு கலங்குச்சு, நான் பாத்தேன். எனக்குத் தோணினது வேற. எல்லாத்தையும் உதறிப்புட்டுப் போனவனுக்குக் கலெக்டரு பழக்கம் மட்டும் வுடல பாத்தியா? நம்ம கரட்டு மேல ஆடு மேய்க்கறவன் போயி நின்னா கலெக்டரோட டவாலி தாண்டி உள்ள வுடுவானா? மனு எழுதி, திங்கக்கிழமை வரிசையில நின்னு, அந்த மனுவும் எந்த மேசையில தூங்குதுன்னு தெரியாது.

அது கெடக்கட்டும். காட்டுக்குள்ள போயி அவன் என்னவா இருந்தான்? ஏதோ மூலையில ஒரு குடிசைக்காரனா? அதான் இல்ல. அவன் போய்ச் சேந்ததுலருந்து சந்த்தோலான்னு ஒரு பாறை ராத்திரியில வெளிச்சம் காட்டுதாம். எப்பவோ செத்த ராசா திரும்பி வந்திருக்கான்னு சனங்க கும்பிடறாங்களாம். அங்க இருக்கறதுலயே அழகான பொண்ணு பிலாசியா இவன் வீட்டுல. டார்சானும் அந்தக் கதைதானே? 1912-ல வந்தது. குரங்கு வளத்த புள்ளையும் விசாரிச்சுப் பாத்தா இங்கிலீசுப் பிரபுவோட வாரிசு. காட்டுக்குப் போறவன் எவனும் அங்க போயிக் கூலிக்காரனா ஆனதா ஒரு கதையும் இல்ல. அவங்களுக்கெல்லாம் ராசா வேலை காலியா இருந்துச்சு. நம்ம பக்கம் காலியா இருக்கற வேலை புளி உலுக்கறது, கடுக்கா பொறுக்கறது, சீமாத்துப் புல்லு அறுக்கறது. அதுக்கும் ஆளு நெறைய, கூலி கம்மி.

பொண்ணுங்க சேதி இன்னும் மோசம். நீ சொன்ன கதை அத்தனையிலயும் காட்டுக்குள்ள ஒரு வயசுப்பொண்ணு நிக்கறா. ஜெயமோகன் எழுதின 'காடு' நாவல்ல நீலி. மெல்வில்னு ஒரு எழுத்தாளரு போன தீவுல ஃபயாவே. ஒரு கெழவி உண்டா? மூட்டுவலியோட, பல்லு போயி, "வெறகு ஈரமா இருக்குது, என்னத்த அடுப்பு எரியும்"னு திட்டிக்கிட்டு நிக்கற ஒரு கெழவி? வயசானவங்க இல்லாத காட்டக் காட்டினா நான் ஒத்துக்கமாட்டேன். எழுதினவன் சாயங்காலம் வரைக்கும்தான் அங்க நின்னிருப்பான். அந்த மெல்வில் 1842-ல திமிங்கலம் புடிக்கற கப்பல்லருந்து தப்பிச்சுத் தீவுக்குள்ள ஓடி, அங்க இருந்தது மொத்தம் ஒரு மாசம் போல. 1846-ல புஸ்தகம் வந்தப்ப அது நாலு மாசம் ஆயிடுச்சு. காட்டு வாசம் அப்பிடி, இருந்தவனுக்குக் குறையும், எழுதினவனுக்கு வளரும்.

பில்லி கதை முடிஞ்ச விதமாச்சும் உனக்கு எதாவது சொல்லுச்சா? கலெக்டரு சம்சாரத்துக்கு ஒத்தத் தலைவலி. எந்த டாக்டருக்கும் அடங்காத வலி. பில்லி மூலிகை குடுத்துச் சொஸ்தமாக்கறான். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, சேதி வெளிய போயி, டில்லியிலருந்து அப்பாரும் பொண்டாட்டியும் தேடிக்கிட்டு வந்து, போலீசு காட்டுக்குள்ள எறங்கி, கடைசியில துப்பாக்கிக் குண்டு. ஊரு வேண்டாம்னு போனவனக் கொன்னது விரோதி இல்ல, அவன் மேல பாசம் வெச்சவங்க. நாட்டு வைத்தியம் பலிச்சாலும் ஆபத்து, பலிக்காட்டியும் ஆபத்து. அந்தப் பையன நெனச்சியா, அப்பன் செத்தான்னு வளந்தவன? அவனுக்கு நாவல்ல ஒரு மூலைதான் கெடைச்சுது.

எழுதின ஜோஷி எங்க இருந்தாருன்னும் நீதானே சொன்னே. டில்லியில ஸ்ரீராம் சென்டருன்னு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவுல இருக்கற உறவ ஆராயற நிறுவனம். அதுக்கு நிர்வாக இயக்குநரு. காலையில ஆபீசு, கோப்பு, கூட்டம்; ராத்திரி வீட்டுல ஒக்காந்து பில்லியக் காட்டுக்கு அனுப்பி வெச்சாரு. நான் அவர ஏசல. வெவரமான மனுசன். 1982-ல சாகித்ய அகாதமி பரிசும் வாங்கினாரு. நீயும் அந்த வழியப் புடிச்சியானா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நம்ம நாட்டுக் கதையில காட்ட நேசிச்சவங்கள எண்ணிப் பாரு, பாதிப்பேரு சம்பளத்துக்குப் போனவங்க. விபூதிபூஷண் வங்காளத்துல 1939-ல எழுதினது 'ஆரண்யக்'. தமிழ்ல 'வனவாசி'ன்னு வந்துச்சுன்னு சொன்னே. கல்கத்தாப் பையன் சத்யசரண், வேலை கெடைக்காம, பீகாருப் பக்கத்துக் காட்டு எஸ்டேட்டுக்கு மேனேஜரா போறான். மொதல்ல பயம். அப்புறம் நெலாவெளிச்சத்துல அந்தக் காட்டு மேல பைத்தியம் புடிக்குது. ஆனா அவன் வாங்கற சம்பளம் எதுக்கு? அந்தக் காட்டக் குடியானவங்களுக்கு நெலமாப் பிரிச்சுக் குடுக்கறதுக்கு. நேசிச்சுக்கிட்டே அழிக்கறான், அழிச்சுக்கிட்டே அழுவறான். இவனாச்சும் அழுதான். 'காடு' நாவல்ல வர்ற கிரிதரன் போனது மாமன் எடுத்த காண்ட்ராக்டுல கல்வெர்ட்டு கட்டறதுக்கு. சா. கந்தசாமியோட 'சாயாவனம்', 1969. அதுல சிதம்பரம் கடல் கடந்து சம்பாரிச்சு ஊருக்கு வந்து, ஒரு வனத்தையே வாங்கி, கரும்பாலை போடறதுக்காகக் கொளுத்தறான். பொய் சொல்லாத மனுசன் அவன்தான். காட்டப் பாத்தான், ஆலை தெரிஞ்சுது, கொளுத்தினான். காட்டுக்குக் கவிதை வேற படிச்சுக் காட்டல.

அப்புறம் உன் பெரிய சாமி, தோரோ. அமெரிக்காக்காரரு. 1845 ஜூலை 4-ல வால்டன் குளத்தோரம் குடிசையில குடி போனாரு. இவரு கதை எழுதல, சொந்த அனுபவத்த எழுதினாருன்னு நீ சாதிச்சே. சரி, அனுபவத்தையே பேசலாம். எடம் யாருது? சிநேகிதர் எமர்சனுது. கோடாலி? இரவல். கூர் தீட்டித் திருப்பிக் குடுத்தேன்னு அவரே எழுதியிருக்காராமே, அதுல நல்ல மனுசன். ஊரு எவ்வளவு தூரம்? நம்ம வீட்டுலருந்து பொடிநடையாப் போயி டீ குடிச்சுட்டு வர்ற தூரத்த வுடக் கொஞ்சம் அதிகம். அப்பப்ப அம்மா வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுட்டு வந்துடுவாரு. குளத்துக்கு ஓரமா ரயிலும் போச்சு. இங்க சேலம் பெங்களூரு ரயிலு ஓடுதே, அதே கணக்கு. குடிசைச் செலவு 28 டாலரு, 12½ சென்ட்டுன்னு பைசா சுத்தமா எழுதி வெச்சாரு. கணக்கு எழுதற துறவி எனக்குப் புடிக்கும்.

ஆனா அந்தக் கணக்குல ஒரு வரி எனக்குத் தூக்கத்தக் கெடுத்துருச்சு. பலகை எங்க வாங்கினாரு? ரயில் பாதை போட வந்த அயர்லாந்துக் கூலிக்காரன் ஜேம்ஸ் காலின்ஸோட குடிசைய, நாலே கால் டாலருக்கு வாங்கிப் பிரிச்சாரு. விடியக்காலையில அந்தக் குடும்பம் சட்டி பானைய மூட்டை கட்டிக்கிட்டு ரோட்டுல போகுது, இவரு எதுக்க வர்றாரு. பலகையப் பிரிச்சுக் கொண்டு போயிக் குளத்தோரம் போட்டு எளிமை கட்டிட்டாரு. காலின்ஸு எங்க போயிக் குடியிருந்தான்? ஏழை விதியேன்னு இருந்தா அது குடிசை. படிச்சவன் ஆசைப்பட்டு இருந்தா அது தத்துவம். பலகை மட்டும் ஒண்ணுதான். அவரு ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் இருந்துட்டு ஊரு திரும்பிட்டாரு. 1854-ல புஸ்தகம் வந்துச்சு. காலின்ஸால அந்த மாதிரி ஒரு தேதி போட்டு வறுமைய முடிச்சுக்க முடிஞ்சிருக்குமா?

ஐஸ் மிசின் கதை சொன்னியே, அதுக்கு நான் எத்தன நாளு சிரிச்சேன்! பால் தெரூ எழுதின 'மஸ்கிட்டோ கோஸ்ட்', 1981. அமெரிக்காவே கெட்டுப்போச்சுன்னு பொண்டாட்டி புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஒருத்தன் ஹோண்டுராஸ் காட்டுக்குப் போறான். போயி என்ன பண்றான்? ஐஸ் பண்ற பெரிய மிசின் கட்டறான். நாகரிகம் வேண்டாம், ஐஸ் மட்டும் வேணும். நீ மண்ணு வீட்டுல சோலாரு தகடும் இன்வெர்ட்டரும் வெக்கலாமான்னு உன் சித்தப்பன விசாரிச்சியாமே? எனக்குச் சேதி வந்துருச்சு. யூட்யூப் சேனல் ஒண்ணும் ஆரம்பிக்கறதா இருக்கியாம். ஹக்ஸ்லியோட 'பிரேவ் நியூ வேர்ல்டு' முடிவ நீதான் சொன்னே. தனியாப் போயி ஒரு பழைய கலங்கரை வெளக்கத்துல குடியேறினவனப் பாக்க ஜனங்க ஹெலிகாப்டர்ல வந்து எறங்கி, கூட்டங்கூடி, வேடிக்கை பாத்து, அவன் கடைசியில தூக்குல தொங்கறான். அது 1932. அவனுக்குக் கூட்டம் தானா வந்துச்சு. நீ பெல் பட்டன அழுத்தச் சொல்லிக் கூப்பிடப் போறே.

சரி, புஸ்தகத்த மூடி வெச்சுட்டு நம்ம ஊரப் பாரு. தொப்பூர்க் கணவாயில கார நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸு போடறாங்களே, பாத்திருப்பே. போடாதேன்னு வனத்துறை எத்தன தடவ சொன்னாலும் கேக்கறதில்ல. காட்டுலயே பொறந்த குரங்கு, பழம் கெடக்கற மரத்த வுட்டுப்புட்டு, தார் ரோட்டோரம் தடுப்புச் சுவத்து மேல ஒக்காந்து லாரிக்காரன் மூஞ்சிய பாத்துக்கிட்டிருக்குது. நீ அதுக்கு எதுக்கால நடந்து காட்டுக்குள்ள போகப் போறே. வழியில ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா யாரு யாரப் பாத்துப் பாவப்படுவீங்களோ.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைன்னு ஒண்ணு. எலக்சன் வந்தா ஓட்டு மிசினக் கழுதை முதுகுல கட்டித்தான் மேல ஏத்தினாங்க, பேப்பர்ல படமே வந்துச்சு. உனக்குப் பாத்தா அழகாத்தான் இருக்கும். மேல இருக்கற சனத்துக்குப் புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்கறதுல அழகு தெரியல. அவங்க வருஷம் வருஷமாக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, ரோடு. நீ ரோட்டுலருந்து தப்பிக்கணும்னு காட்டுக்குப் போறே. அவங்களும் நீயும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கங்க.

இயற்கைத் தண்ணி வேணும்னு சொன்னே பாரு, அதுக்கு இந்தத் தாத்தாவோட பல்லப் பாரு. நம்ம சில்லாத் தண்ணியில புளோரைடு. எந்தக் கம்பெனியும் கொண்டாந்து கலக்கல. பாறையிலருந்து கரைஞ்சு ஊறி வர்றது, அசல் இயற்கை. அதக் குடிச்சு வளந்தவங்க எத்தன பேருக்குப் பல்லு காவியேறி, முட்டி மடங்காமப் போச்சு. ஒகேனக்கல் தண்ணி 2013-ல பைப்புல வர ஆரம்பிச்சதுக்கு நாங்க கும்பிடு போட்டோம். கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் நாங்க தின்னது ஆரோக்கியத்துக்கு இல்லடா, அரிசி வாங்கக் காசு இல்லாம. இப்ப அதையே நீ பெங்களூர்ல பொட்டலத்துல என்ன வெலைக்கு வாங்கறேன்னு ஆயாகிட்டச் சொல்லிடாதே, மயக்கம் போட்டுருவா.

காட்டு வாழ்க்கையில வீரப்பன மிஞ்சின ஆளு இந்தச் சீமையில உண்டா? அவன் பண்ணின பாவம் வேற பேச்சு, அத நான் நியாயம் பேசல. மரம், மிருகம், தடம், காத்து, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவ்வளவு தெரிஞ்சவனும் கண்ணுப் பார்வை மங்கினப்ப வைத்தியத்துக்குன்னுதான் வெளிய வந்தான்னு போலீசு சொல்லுச்சு. 2004 அக்டோபர் 18 ராத்திரி, இங்க பாப்பாரப்பட்டிகிட்ட, ஆம்புலன்ஸு வண்டி. அதுக்குள்ள ஒக்காந்திருந்தது டாக்டரு இல்ல, போலீசு. காடு எல்லாத்தையும் குடுக்கும் கண்ணு, கண்ணாபரேசன் பண்ணாது.

உன் ஆசை எதுல சேத்தின்னு சொல்றேன். நம்ம கணவாய்ல வடக்கருந்து வர்ற லாரி ஏன் எரட்டைப் பாலத்தாண்ட கவுருதுன்னு உனக்குத் தெரியும். எறக்கத்தப் பாத்ததும் டீசலு மிச்சம்னு டிரைவரு கியர நியூட்ரல்ல தள்ளிடுவான். இஞ்சின் சத்தமே இல்ல, காத்து சிலுசிலுன்னு வரும், வண்டி பறக்கும். இஞ்சினுதான் வண்டியப் புடிச்சுக்கிட்டு வந்துச்சுங்கறது அவனுக்கு அப்பத் தெரியாது. பிரேக்க மிதிச்சு மிதிச்சு சூடேறி, அது புடிக்காமப் போறப்பதான் தெரியும். அப்ப முன்னால போற கார்ல யாரு குடும்பம் இருக்குதோ அதுக்கும் சேத்துத் தெரியும். பில்லி நியூட்ரல்ல எறங்கினவன். முன்னால போன வண்டியில பொண்டாட்டியும் புள்ளையும் இருந்தாங்க.

வாச்சாத்தியப் பத்தி மட்டும் நான் நையாண்டி பேசமாட்டேன். சித்தேரி மலையடிவாரம், மலைவாசி சனம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள எறங்கினாங்க. வீட்ட இடிச்சாங்க, கெணத்தப் பாழாக்கினாங்க, 18 பொண்ணுங்களக் கெடுத்தாங்க. குத்தவாளிங்க 269 பேரு, எல்லாம் சர்க்காரு சம்பளக்காரங்க. தருமபுரி கோர்ட்டுல தீர்ப்பு வர 2011 செப்டம்பர் 29 ஆச்சு. அதுக்குள்ள அவங்கள்ல 54 பேரு செத்தே போயிட்டாங்க, மிச்சம் இருந்த 215 பேருக்குத் தண்டனை. ஐகோர்ட்டு அத உறுதி பண்ணினது 2023-ல, அதே செப்டம்பர் 29. நீதிபதி மகன் ஒருத்தன் ஆசைப்பட்டுக் காட்டுக்குப் போயிக் குண்டடிபட்டா நாவலு. காட்டோரம் பொறந்ததத் தவிர வேற ஒண்ணும் பண்ணாத சனம் அடிபட்டா 31 வருஷம் கேசுக் கட்டு. ச. பாலமுருகன் சோளகர் சனத்தப் பத்தி 2004-ல 'சோளகர் தொட்டி' எழுதினாரு. நீ அலமாரியில வெச்சிருக்கற புஸ்தகத்துல அது இருக்குதான்னு தெரியல. இல்லன்னா வாங்கு. அதுல காட்டுக்குள்ள போறவன் யாரும் இல்ல, இருந்தவங்க மட்டும் இருக்கறாங்க.

இனி வேலையப் பாப்போம். புஞ்சைக்கு மேல, அந்தப் பாறையாண்ட குடிசை போடலாம்னு நீ கை காட்டினியே, அது காப்புக்காடு. ஒரு குச்சி ஒடிச்சாலும் கார்டு வந்து கேசு போடுவான். வன உரிமைச் சட்டம் 2006-ல வந்துச்சே, அதுல உரிமை கேக்கலாமான்னு உனக்கு ஒரு யோசனை ஓடும். பழங்குடியா இருந்தா 2005 டிசம்பர் 13-க்கு முந்தியே அங்க குடியிருந்ததக் காட்டணும். நம்மள மாதிரி மத்தவங்கன்னா மூணு தலைமுறை, 75 வருஷம். நீ பெங்களூர் கணக்குல எத்தன வருஷம் காட்டுவேன்னு யோசிச்சுக்க.

அப்ப மிச்சம் இருக்கறது புஞ்சைதான். தரமாட்டேன்னு நான் சொல்லல. ஆனா அது கூட்டுப் பட்டா, உன் சித்தப்பன் பேரும் இருக்குது. பிரிக்கணும்னா உட்பிரிவுக்கு மனுப் போடணும், சர்வேயரு வந்து அளக்கணும், வி.ஏ.ஓ. பாக்கணும், தாசில்தாரு ஆபீசுல ஒப்புதல் ஆகணும். மண்ணு வீடுன்னாலும் பஞ்சாயத்துல பிளான் கேப்பாங்க. எல்லாம் இ-சேவை மையத்துல கம்ப்யூட்டருல ஏத்தற காலம். அடுத்த வாரம் வர்றப்ப ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மூணு எடுத்துட்டு வா. ஓ.டி.பி. உன் நம்பருக்குத்தான் வரும். போனத் தூக்கிப் போடறத அதுக்கப்புறம் வெச்சுக்க.